ஆடாத ஆட்டம், வாங்காத கோப்பை

கேள்வி: எங்கள் கல்லூரிக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் பேஸ்பால் இறுதி ஆட்டம். முந்தின இரவு முழுக்க அடைமழை. மைதானத்தில் தண்ணீர் நிற்கும் என்று நாங்கள் போகவில்லை. அவர்கள் போய் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, 'நீங்கள் வரவில்லை, கோப்பை எங்களுக்கே' என்கிறார்கள். இது நியாயமா?
கல்லூரி மாணவர், உப்பளம்

பதில்: போட்டோவுக்கு நின்றால் போட்டோதான் கிடைக்கும், தம்பி, கோப்பை கிடைக்காது. தரை ஆடுகிற நிலையில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர்கள் நடுவரும் போட்டியை நடத்துகிறவர்களும். அவர்கள் 'ஆடலாம்' என்று சொல்லியும் ஓர் அணி வராவிட்டால்தான் வாக்ஓவர். மழையில் நின்றுபோன ஆட்டத்துக்கு இன்னொரு தேதி குறிப்பதே முறை. உங்கள் பக்கமும் குறை இருக்கிறது. யாரையும் கேட்காமல் 'இன்று ஆட்டம் இல்லை' என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டாமா? இரண்டு அணியும் சேர்ந்து போய் மறு தேதி கேளுங்கள். பொங்கலுக்குப் பிறகு கேளுங்கள்.

கேள்வி: பேஸ்பாலில் ஆடாமலே 9-0 என்று எழுதுகிறார்களாமே?
வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு ஓர் ஓட்டம். கால்பந்தில் இப்போது 3-0 என்று எழுதுவார்கள். அட்டவணையில் கட்டம் காலியாக நிற்கக் கூடாதே! ஆட்டம் தொடங்கவே இல்லை என்றால் அந்த ஒன்பதில் ஓர் ஓட்டம்கூட எந்த வீரர் கணக்கிலும் ஏறாது.

கேள்வி: பேஸ்பாலையே தாய்ப்பால் மாதிரி குடித்து வளர்ந்த அமெரிக்காவில் இப்படி நடந்ததுண்டா?
ஆசிரியை, லாஸ்பேட்டை

பதில்: 2021 ஜூனில் நடந்தது. ஒமாஹா நகரில் கல்லூரிகளின் பெரிய தொடர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் மோதின. வட கரோலினா அணிக்குள் கொரோனா புகுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குத் தேறியவர்கள் 13 பேர்தான். அந்தப் பதின்மூன்று பேரும் இறங்கி ஆடி 3-1 என்றுதான் தோற்றார்கள். மறுநாள் ஆட்டம் யார் இறுதிக்குப் போவது என்று தீர்க்க வேண்டியது. நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது: ஆட்டம் கிடையாது, வாண்டர்பில்ட் இறுதிக்குப் போகிறது.

தகராறு அங்கேதான் பிடித்தது. தடுப்பூசி போட்டவருக்கு அறிகுறி இல்லையென்றால் சோதனை கிடையாது, போடாதவருக்கு உண்டு என்பது அந்தத் தொடரின் விதி. விதி முன்பே தெரியும் என்றார்கள் ஒரு சாரார். நடுராத்திரியில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா என்று கொதித்தார்கள் மறு சாரார். நோய்க்குப் பயந்து நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதின்மூன்று பேராக நின்று ஆடிய அணிக்கு ஒரு வாரம் பொறுத்து ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். இறுதியில் வாண்டர்பில்ட்டும் ஜெயிக்கவில்லை. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் கோப்பையைக் கொண்டுபோனது.

கேள்வி: இந்தியா ஓர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தையே ஆடாமல் விட்டதாக அப்பா சொல்கிறார். நம்பலாமா?
மாணவி, நெல்லித்தோப்பு

பதில்: அப்பா சொல்வது அத்தனையும் உண்மை, அம்மா. 1974, டென்னிஸ், டேவிஸ் கோப்பை. சென்னைக்காரர்களான ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் அண்ணன் தம்பி இருவரும் உச்சத்தில் இருந்த காலம். அந்த மே மாதம் கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று சாய்த்தார்கள். அந்தச் சுற்றில் மட்டும் 327 கேம்கள்! இரட்டையர் ஆட்டம் ஒன்றே 99 கேம்கள். முதல் செட் 17-15, நான்காவது செட் 16-18 என்று போனது. வங்காளத்து மே மாத வெயிலில் அதை ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. அடுத்து புனேயில் சோவியத் யூனியனையும் தோற்கடித்து இறுதிக்கு வந்தார்கள்.

எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறியைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்த நாடு. ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லிவிட்டது. 1900இல் தொடங்கிய அந்தப் போட்டியில் இறுதி ஆட்டம் நடக்காமலே கோப்பை கைமாறியது அதுதான் முதல் தடவை. அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்ற நான்கு பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்த கோப்பையில் ஐந்தாவது பெயராகத் தென்னாப்பிரிக்கா ஏறியது. நம் பெயர் இன்றுவரை ஏறவில்லை. 1966இல் ராமநாதன் கிருஷ்ணன் காலத்தில் ஆஸ்திரேலியாவிடமும், 1987இல் சுவீடனிடமும் இறுதியில் தோற்றோம். மூன்று இறுதிகளில் 1974தான் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

அந்த முடிவை எடுத்த அரசின் பிரதமர் இந்திரா காந்தி. உங்கள் நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளை மிதித்தால் சீக்கிரமே வந்துவிடும் உப்பளம் விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறது.

கேள்வி: விளையாட்டில் அரசியல் எதற்கு? போய் ஆடி, ஜெயித்துக் காட்டியிருந்தால் அது நிறவெறிக்குப் பெரிய அடியாக இருந்திருக்காதா?
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், முதலியார்பேட்டை

பதில்: ஜெயித்துக் காட்டிய ஒருவரைச் சொல்கிறேன், ஐயா. பாப்வா செவ்கோலும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர். மட்டையைப் பிடிக்கும்போது எல்லோருக்கும் கீழே வரும் கை அவருக்கு மேலே இருக்கும். அப்படிப் பிடித்தே எல்லோரையும் வென்றார். 1963இல் டர்பனில் நடந்த நேட்டால் ஓபனில் அவர்தான் முதலிடம். அன்று மழை. வெள்ளைக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். ஜெயித்தவருக்கு உள்ளே வர அனுமதி இல்லை. நனைந்துகொண்டே வெளியில் நின்று கோப்பையை வாங்கினார்.

வெற்றி அந்தக் கதவைத் திறக்கவில்லை. உலகமே ஆட மறுத்து, வணிகத்தை நிறுத்தி, உள்ளே இருந்தவர்கள் சிறைபட்டுச் செத்துப் போராடிய பிறகுதான் திறந்தது. தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முதலில் வெட்டிக்கொண்ட நாடு இந்தியா, 1946இலேயே. காரைக்காலுக்குப் பக்கத்தில் தில்லையாடி. அந்த ஊர்த் தாய்தந்தையரின் மகள் வள்ளியம்மை, ஜோகனஸ்பர்க்கில் பிறந்து, அங்கே சிறைக்குப் போய், 1914இல் பதினாறு வயதில் உயிரை விட்டவள். அந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளைத் தனித் தெருவுக்குத் தள்ளிய அரசோடு கைகுலுக்கிவிட்டு டென்னிஸ் ஆடுவதா? மறுத்தது சரிதான். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் ஒன்று: மறுத்தது அரசும் டென்னிஸ் சங்கமும், விலை கொடுத்தவர்கள் அந்த இளைஞர்கள். விஜய்க்கு அப்போது இருபது வயது. அவர்களுக்கு நாம் இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை.

கேள்வி: எதிரணியே இல்லாமல் கோல் போட்ட கதை உண்டா?
கால்பந்து ரசிகர், வில்லியனூர்

பதில்: உண்டு, கேட்டால் வயிறு கலங்கும். 1973 நவம்பர் 21, சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோ. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். செப்டம்பரில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அந்தத் தேசிய மைதானத்தையே சிறைக்கூடமாக்கிச் சித்திரவதை செய்தது. அங்கே வந்து ஆட மாட்டோம் என்றது சோவியத் யூனியன். சிலி வீரர்கள் மட்டும் இறங்கி, ஆளில்லாத கோலை நோக்கிப் பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். கேப்டன் பிரான்சிஸ்கோ வால்டெஸ் உள்ளே தள்ளினார். புத்தகத்தில் 2-0. அவர்களை அப்படி ஓடவிட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கேள்வி: 1996இல் இலங்கைக்கு ஆடாமலே புள்ளிகள் கிடைத்தன. அப்படியானால் அந்த உலகக் கோப்பை ஓசியா?
கிரிக்கெட் ரசிகர், காரைக்கால்

பதில்: கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் அங்கே போகவில்லை, புள்ளிகள் இலங்கைக்கு வந்தன. அது லீக் சுற்றோடு சரி. லாகூர் இறுதியில் அதே ஆஸ்திரேலியாவை 7 விக்கெட் வித்தியாசத்தில் அடித்துத்தான் கோப்பையை வாங்கினார்கள். இதில் ஓசி எங்கே வந்தது?

கேள்வி: செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவது நம் ஊரில் உண்டா?
வாசகர், உப்பளம்

பதில்: உங்கள் பேட்டையிலிருந்து கேட்கிறீர்களே! 1818இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தங்கள் பகுதியில் உப்பு விளைவிப்பதை நிறுத்திக்கொள்வது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் வாங்கிக்கொள்வது. வராகன் போனது அரசாங்கக் கஜானாவுக்கு. பாத்தியில் இறங்கி உப்பு வாரியவனுக்குப் போனது வேலை.

கேள்வி: ஆட மறுத்த நாம் பிறகு எப்போது தென்னாப்பிரிக்காவோடு ஆடினோம்?
மாணவர், அரியாங்குப்பம்

பதில்: 1991 நவம்பர் 10, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், கிரிக்கெட். நிறவெறிச் சட்டங்கள் விழத் தொடங்கி, 21 ஆண்டுத் தடை நீங்கிய பிறகு அவர்கள் ஆடிய முதல் சர்வதேச ஆட்டமே நம் மண்ணில்தான். கிளைவ் ரைஸ் தலைமையில் வந்தார்கள். ஆலன் டொனால்ட் ஐந்து விக்கெட் எடுத்து நம்மைத் திணறடித்தார். சச்சின் 62 அடித்தார். 3 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.