தீயதிகாரம்: அண்ணாமலை உரை

தீ ஐவகைப்படும் என்பது நாக்பூர் நூலார் கொள்கை. நாக்பூர் என்றது அங்குள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியை. 1956-ல் ராம்பூரில் பிறந்து, மறு ஆண்டே நாக்பூருக்குக் குடிபெயர்ந்தது. தீப் பொறியியலில் பி.இ. பட்டமே தருகிறார்கள். எரியும் பொருளால் தீக்குப் பெயர் என்பது விதி. மரம், துணி, காகிதம் எரிந்தால் ஏ. பெட்ரோல், பெயின்ட் என்றால் பி. வாயு சி. மெக்னீசியம் போன்ற உலோகம் டி. வாணலி எண்ணெய் எஃப். அமெரிக்க நூலார் மாறுபடுவர்: வாணலி எண்ணெய்க்குக் கே என்பர், மின்சாரத் தீக்கே சி என்பர். எரிகிற எண்ணெய்க்கே இரண்டு கட்சி உண்டென்றால், திருவண்ணாமலையார் மூன்றாவது கட்சி கட்டத் தடையில்லை என்க.

அற்றேல், திருவண்ணாமலை மலையுச்சியில் ஏறும் கார்த்திகை மகாதீபம் எவ்வகை? காடாத்துணித் திரி ஏ வகை. நெய் எஃப் வகை. அதுவும் ஒரு கரண்டியன்று, மூவாயிரம் கிலோவுக்கு மேல். 2,668 அடி உயரத்தில், செப்புக் கொப்பரையில், பருவதராஜ குலத்தார் ஏற்ற, பதினொரு நாள் எரிகிறது. இதை எந்த அட்டவணையில் அடைப்பது? ஆகவே இவ்வூருக்கு முதற்பிரிவு இரண்டே: அணைக்கத் தக்க தீ, அணைக்கத் தகாத தீ. பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது, சாமியே தீ. தீ அணையாமல் எரியவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே தண்ணீர் வண்டியோடு காவல் நிற்கும் தீயணைப்போரை வேறெங்கே காண்பது?

அணைக்கத் தக்கவற்றுள் மலைத்தீ ஒன்று. கோடையில் காய்ந்த புல்லில், யாரோ ஏற்றிய கற்பூரத்திலோ எறிந்த பீடியிலோ பிறக்கும். வண்டி கிரிவலப் பாதையோடு நின்றுவிடும், அதற்குமேல் பாறை. அங்கே ஆயுதம் பச்சைக் கிளை. தழையோடு ஒடித்து, தீயின் ஓரத்தில் அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் இன்னோரிடம் பற்றும். அமுக்கி அடிப்பதே முறை. பல் மருத்துவர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: பலம் வேண்டும், அதைக் காட்டக்கூடாது.

அடுத்தது பந்தல் தீ. இது ஏ வகைதான், நூலாருக்கு ஐயமில்லை. உரையாசிரியனுக்கு உண்டு. 1997 ஜூன் 7-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு வேளையில் யாகசாலைப் பந்தல் பற்றியது. 40 பேருக்கு மேல் மாண்டனர். எரிந்தது கீற்று, ஆனால் ஆளைக் கொன்றதில் நெரிசலுக்கும் பங்குண்டு. கீற்றுக்கு எழுத்து இருக்கிறது, நெரிசலுக்கு இல்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கும் கீற்று, அங்கும் வெளியேற வழி இல்லை. இவை இரண்டையும் ஏ என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவருக்குப் பட்டம் கிடைக்கலாம். ஒரு பௌர்ணமி கிரிவல இரவை அவரிடம் ஒப்படைக்க நான் துணியேன்.

தீயில்லாத் தீ என்றொரு வகையும் உண்டு. துறையின் பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ சேர்ந்திருப்பது இதற்காக. வீட்டுக்குள் பாம்பு, கிணற்றுக்குள் மாடு, விரலில் மாட்டிய மோதிரம் எல்லாம் இதில் அடங்கும். சிரிக்க வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீட்டின்மேல் இறங்கியது. குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் போனார்கள். சேற்றிலும் பாறைக்கடியிலும் தேடியவர்களில் தீயணைப்போரும் இருந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துத் தீபம். பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. தீபம் மட்டும் வழக்கம்போல் ஏறியது. கூட்டத்தைக் கீழேயே நிறுத்திய அந்த முடிவை எந்தத் தீயின் பாடத்தில் வைப்பது? தலைமைப் பாடத்தில்தான்.

தலைவர் மூவகையர். பைப்பைப் பிடுங்கித் தாமே பீய்ச்சுபவர். படம் நன்றாக வரும், பின்னால் நடப்பது தெரியாது. வயர்லெஸ்ஸில் மட்டும் தோன்றுபவர். இவரைப் பற்றி உரை தேவையில்லை. தள்ளி நின்று, ஒரு கண் கூரையிலும் ஒரு கண் வாசலிலும் வைத்திருப்பவர் மூன்றாமவர். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தீயணைப்போரை ஓடவைத்தும் கயிறு ஏறவைத்தும் எடுக்கிறது. தாம்பரம் பயிற்சி மையம் பழக்குகிறது. மூன்றாமவரை உண்டாக்க அவை போதா, அதற்கே நாக்பூர்க் கல்லூரி. எரிவதை வைத்து வகுப்பது அணைப்பவருக்குப் போதும். சுற்றி நிற்பவரை வைத்து வகுக்கத் தெரிந்தவரே தலைவர் என்பது இவ்வுரையின் துணிபு.

வாசிப்போருக்கு உரியது சிறிது. எரியும் நெய்யிலும் எண்ணெயிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். கீற்றுக் கொட்டகை அருகே கற்பூரம் ஏற்றாதீர்கள். கிரிவலப் பாதையில் பின்னால் மணியடித்தால் ஓரம் ஒதுங்குங்கள். கூப்பிட வேண்டிய எண் 101, 112-ம் உண்டு.