மூன்றே இடங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். பதினோராவது வளைவில் எனக்கு வயிறு புரட்டியபோது, வேனின் முன் இருக்கையிலிருந்த எங்கள் வாழ்க்கைப் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து, "உங்களோட பழைய நீங்க வெளியே போறாரு, சாம்பியன்! தடுக்காதீங்க" என்றார். காலையில் தின்ற இரண்டு இட்லிதான் வெளியே போகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறியாமை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவ்வளவு பெரிய பெயரை இந்தச் சின்னக் கட்டுரை தாங்காது. அவருக்குத் தொழில் இரண்டு. ஒன்று, மனிதர்களின் வாழ்க்கையைச் சீர்படுத்துவது. இன்னொன்று, அதற்கான மனிதர்களைத் தேடிப் பிடிப்பது. முதல் தொழிலுக்கு அவருக்கு நேரம் வாய்த்ததில்லை. அதற்காகக் குறை சொல்வது தர்மமில்லை. இரண்டாவது தொழில் அவ்வளவு பெரிது, அவ்வளவு அழகு.

நான் பிடிபட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றரை மணி. அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. 'தூக்கம் வர என்ன செய்ய வேண்டும்' என்று கைபேசியில் தேடியிருந்தேன். பெற்ற தாய்க்கும் சொல்லாத அந்த ரகசியத்தை அறிந்தவர்போல் ஒரு ரீல்ஸில் வந்து நின்றார். ஏற்காட்டின் லேடீஸ் சீட், கீழே சேலத்து விளக்குகள் மத்தாப்பு கொட்டியதுபோல் கிடக்கின்றன. இரண்டு கைகளையும் விரித்து, "மூணு வருஷத்துக்கு முன்னாடி வண்டிக்குப் பெட்ரோல் போடக்கூட எங்கிட்ட காசில்ல" என்கிறார். இன்று எங்கள் காசில் போட்டுக்கொள்கிறார் என்பதால் அந்த முன்னேற்றத்தை நான் சந்தேகித்ததே இல்லை.

வகுப்புக்குக் கட்டணம் 4,999 ரூபாய். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 99. கீழே ஒரு கடிகாரம் பதினைந்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. 'இன்னும் மூன்றே இடங்கள்.' மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துபோனது. போச்சே என்று மறுபடி திறந்தால், கடிகாரம் புதிதாய்ப் பதினைந்து நிமிடம் கொடுத்துக் காத்திருந்தது. மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்தது ஒரே ஒரு முறை. எங்கள் ஆசான் யார் வந்து பக்கத்தைத் திறந்தாலும் உதைக்கிறார். 2023 நவம்பரில் மத்திய அரசு, இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏய்க்கும் தந்திரங்கள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் முதலாவதே இப்படிப் பொய் அவசரம் காட்டுவது. டெல்லியில் யாரோ எங்கள் ஆசானின் பக்கத்தை வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்களோ என்னவோ. அரசாணைக்கு முன்மாதிரியாக இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

99 ரூபாய் வகுப்பு இரண்டரை மணி நேரம். இரண்டு மணி நேரம் அவருடைய வறுமை, அரை மணி நேரம் அடுத்த வகுப்பின் விலை. அதன் முடிவில் ஒரு படிவம் வந்தது. வயது என்ன, வருட வருமானம் என்ன, கிரெடிட் கார்டு உண்டா, உங்கள் வலி 1-லிருந்து 10-க்குள் எவ்வளவு.

இந்தப் படிவத்தின் அருமை ஏற்காட்டுக்காரர்களுக்குத்தான் புரியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து தோட்டக்காரர்கள் ஒரே மாதிரிதான் கஷ்டப்படுகிறார்கள். நட்டுவிட்டு மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்தால்தான் பூ. அந்தப் பூ பழமாகக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். பறிக்கிற பெண்கள் ஒரே கொத்தில் பச்சையை விட்டுவிட்டுச் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுப்பார்கள். எடுத்ததைத் தண்ணீரில் கொட்டினால் பொக்கும் சொத்தையும் மிதக்கும், கனமானது அடியில் தங்கும். இவ்வளவு பாட்டையும் எங்கள் ஆசான் ஒரு படிவத்தில் அடக்கிவிட்டார். நாற்பத்தைந்து வயதில் ஐ.டி. வேலை போனவர், மகளின் கல்யாணம் நின்றுபோனவர், கடையை மூடியவர் எல்லாம் சிவந்த பழம். வருமானக் கேள்விதான் தண்ணீர்த் தொட்டி. மடி கனத்தவர்கள் அடியில் தங்கினார்கள். மிதந்தவர்களுக்கு 'வெற்றியின் ஏழு படிகள்' என்று ஒரு பி.டி.எஃப். போனது. நன்றாக இருக்கிறவர்களை அவர் தொடுவதே இல்லை. அப்படியொரு கருணை.

நான் அடியில் தங்கினேன். மறுநாள் 'கிளாரிட்டி கால்' வந்தது, இலவசம். பேசியவர் சீனியர் மென்டார். குரலை வைத்துச் சொன்னால் இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. என்னைப் பேசவிட்டார். வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டதில்லை. அப்பா போனது, சீட்டுப் பணம் போனது, தூக்கம் போனது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அழுதுவிட்டேன். "நல்லா அழுங்க சார், ஸ்ட்ராங்கானவங்கதான் அழுவாங்க" என்றார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் அழுகைக்கான ஒதுக்கீடு தீர்ந்தது. ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம், 24,999 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்றார். அதன் பிறகு மூச்சு விடவில்லை.

அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முகாமில்தான் அதன் இலக்கணம் தெரிந்தது. விலையைச் சொன்ன பிறகு யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றார். நான்தான் திறந்தேன். வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "உங்க வாழ்க்கையோட ரிமோட் அவங்க கையிலயா சார் இருக்கு?" பணிவாகத்தான் கேட்டார். 29,498 ரூபாய் 82 பைசா போனது. வீட்டுக்காரிக்கு வங்கியின் எஸ்.எம்.எஸ். தகவல் சொன்னது.

முகாம் நடந்த விடுதிக் கூடத்தைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. ஒரு கீறல் விழாத வெள்ளைப் பலகை, மூடி திறக்காத மார்க்கர்கள் வரிசையாக, சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள் பளபளவென்று. இந்த மலைக்கு வடக்கேதான் தகடூர். அங்கே அதியமானிடம் இருந்த ஔவை ஒருமுறை தூது போனபோது, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துப் பாராட்டினாளே, அந்த மாதிரி நானும் மனமாரப் பாராட்டினேன்.

அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய பயிற்சியாளர் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் முதல்படிச் சான்றுக்கே 60 மணி நேரம் படித்திருக்க வேண்டும், 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மேல்படிக்கு 2,500 மணி நேரம். தூங்குமூஞ்சிகள். எங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு மாலை நான்குக்குச் சான்றிதழ் கையில், லேமினேஷனோடு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட வேண்டுமானால் பட்டம் வேண்டும், ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று மாட்ட ஃப்ளெக்ஸ் கடை திறந்திருந்தால் போதும்.

என்ன, நாங்களும் பயிற்சியாளர்களா என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு வழி போட்ட தாமஸ் லெனார்டு, ஆட்களுக்குப் பணத்தைத் திட்டமிட்டுக் கொடுக்கிறவராக இருந்தவர். வந்தவர்கள் பணத்தைவிட வாழ்க்கையைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள் என்று கண்டுகொண்டார். 1992-ல் பயிற்சியாளர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். எங்கள் ஆசான் இன்னும் ஒரு படி மேலே போனவர். வாழ்க்கையைக் கேட்டு வந்த எங்களுக்கு, வாழ்க்கையைக் கேட்டு வருகிறவர்களைப் பிடிக்கும் வித்தையைக் கொடுத்தார்.

ஆனால் சனிக்கிழமை இரவு முழுக்க முழுக்க எங்களுக்கே. பயத்தைத் தாளில் எழுதித் தீயில் போட வேண்டும். ஆடி மாதத்துப் பனிமூட்டம், சில்வர் ஓக் விறகு ஊறிப்போய்ப் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. முப்பத்தொரு பேர் தத்தம் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருமியபடி நின்றோம். காவல்கார அண்ணன் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். "கேன்டீன் அடுப்பு எரிஞ்சிட்டுத்தான சார் இருக்குது, அதுல போட்டா ஆகாதா?" என்றார். ஆகாது. கேன்டீன் அடுப்பு வீடியோவில் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒவ்வொருவராகத் தோட்டத்து ஆரஞ்சு மரத்தடியில் நிற்கவைத்து, "என் வாழ்க்கையே மாறிடுச்சு" என்று பேசவைத்துப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் எடுக்கலாமே, இன்னும் கொஞ்சம் மாறியிருக்குமே என்று கேட்டேன். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டால் முகத்தில் களை போய்விடும் என்றார் ஆசான். தொழில் சுத்தம் என்றால் இதுதான்.

தூக்கம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வரவில்லை. வீட்டுக்காரி எங்கோ விசாரித்து ஓர் எண் கொடுத்தாள், 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் அரசு ஆரம்பித்தது. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் கூப்பிட்டுப் பேசலாம், காசு கிடையாது. கூப்பிட்டேன். வருமானம் கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை, இன்னும் மூன்றே இடங்கள் என்று சொல்லவில்லை. எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். வந்த ஆளை இப்படி வெளியே அனுப்பினால் வாடிக்கை எப்படிப் பெருகும்? அரசாங்கத்துக்கு வியாபாரம் தெரியாது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

எங்கள் முப்பத்தொரு பேருக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கே விளம்பரப் படங்கள் வர ஆரம்பிக்கும். தாம்பத்தியப் பயிற்சியாளர் பணப் பயிற்சியாளரை இலவச அழைப்புக்குக் கூப்பிடுவார். பணப் பயிற்சியாளர் அவருக்கு 99 ரூபாய் வகுப்பின் சுட்டியை அனுப்புவார். எனக்குத் 'தூக்கப் பயிற்சியாளர்' என்று ஆசானே பெயர் சூட்டினார். எது வலிக்கிறதோ அதுவே உங்கள் சந்தை என்பது அவர் வாக்கு. எல்லோருக்கும் கடிகாரம் ஓடுகிறது. எல்லோரிடமும் இன்னும் மூன்றே இடங்கள் இருக்கின்றன.

எனக்கும் ஒரு ரீல்ஸ் வேண்டுமே என்று போன மாதம் தனியாக மலை ஏறினேன், அரசு பேருந்தில். லேடீஸ் சீட்டில் நின்று கைகளை விரித்தேன். கீழே சேலம் இருந்த இடத்தில் வெள்ளையாக மேகம். கைபேசியில் பார்த்தால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் யாரோ ஒருவன் கோழி விரட்டுகிறான்.

திரும்பும் வழியில் ஒரு பஜ்ஜிக் கடை. அறுபது வயது அம்மா ஒருவர் வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார். நல்ல பழமாக இருக்கும் என்று தோன்றியது.

"ஏம்மா, உங்க வாழ்க்கையில வலி ஒண்ணுலருந்து பத்துக்குள்ள எவ்வளவு சொல்வீங்க?"

"எந்த வலியக் கேக்குற தம்பி? முட்டியா, இடுப்பா?"

"மனசு வலிம்மா."

அரிகரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏந் தம்பி, ராத்திரி தூங்குறதில்லயா நீ?"

நான் பதில் சொல்லவில்லை. முதலில் பேசுகிறவர் தோற்றார். அவர் கிழித்த செய்தித்தாளில் நான்கு பஜ்ஜி வைத்தார், பிறகு ஒன்று கூடுதலாக. "இதுக்குக் காசு வேணாம், சூடா சாப்பிடு."

இலவசமாக ஒன்று கொடுத்தாயிற்று, அடுத்து விலை வரும் என்று எச்சரிக்கையாக நின்றேன். அவர் திரும்பிச் சட்டியில் அடுத்த ஈடு போட்டுக்கொண்டிருந்தார்.