மாடுலர் கிச்சன்: நீங்களே மாட்டிக்கொள்வது எப்படி?

இந்த வேலைக்கு முதல் தேவை தன்னம்பிக்கை. அதைக் கொடுக்க யூடியூபில் ஆள் இருக்கிறார்கள். சட்டை கசங்காத ஒரு வெள்ளைக்காரர், பத்து நிமிட வீடியோவில் ஒரு சமையலறையையே நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். அவர் வீட்டுச் சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். உங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சிமெண்டும். வீடியோ பார்க்கும்போது இதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சுவரே பிறகு சொல்லும்.

வீட்டில் அறிவிப்பு கொடுக்கவும். “ஒரு சனி, ஞாயிறில் முடிச்சிடுவேன்” என்பதே சரியான வாசகம். எந்த வருஷத்துச் சனி, ஞாயிறு என்று சொல்லிவிடக் கூடாது.

வெந்நீர் தவிர வேறெதுவும் வைத்துப் பழக்கமில்லையே என்று தயங்குகிறீர்களா? தேவையில்லை. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி, 1926-ல் உருவான ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. ஆயிரக்கணக்கான வீடுகளில் அதை அமைத்தார்கள். வடிவமைத்த மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி, அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொன்னவர். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று கவனித்து, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்தில் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் அடக்கிவிட்டார். சமையலறையில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்குகளையெல்லாம் அவர் தேடிப் படித்தார். அந்தப் பகுதியை நீங்கள் தாண்டிப் போகலாம்.

இனி அளவெடுப்பது. சுவரை ஒரே ஒரு இடத்தில் அளக்கவும். கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளப்பவர்கள் சந்தேகப் பிராணிகள். மூன்றும் மூன்று கணக்காக வரும்; வீடு கட்டிய மேஸ்திரி மேல் வைத்திருந்த மரியாதைதான் போகும். மூலைமட்டத்தை மூலைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நம் ஊர்ப் பூச்சுவேலையில் இரண்டு சுவர்கள் தொண்ணூறு டிகிரியில் சந்தித்தால் அது தற்செயல். பெட்டிகளோ ஃபேக்டரியில் இம்மி பிசகாமல் வெட்டி வந்தவை. கடைசிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கீழே விரல் நுழையும், மேலே கையே நுழையும். விவரம் தெரிந்தவர்கள் அங்கே முன்கூட்டியே இடம் விட்டு, சுவரின் கோணலுக்கு ஏற்ப ஒரு பட்டி இழைத்துச் சொருகுவார்கள். நீங்கள் சிலிக்கான் டியூபைப் பிதுக்குங்கள். தீரத் தீர இன்னொன்று வாங்கலாம்.

வீட்டுச் சாமான்களை அளப்பதும் வேண்டாத வேலை. கிரைண்டர், இட்லிக் குண்டான், அரிசி டிரம், கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா, இவை எதுவும் கேட்டலாக்கில் இல்லை. இல்லாததற்கு எப்படி இடம் விடுவது? கேட்டலாக்கில் ஒயின் கிளாஸைத் தலைகீழாகத் தொங்கவிடும் கம்பி உண்டு. அதை மறக்காமல் மாட்டவும். பிற்பாடு கரண்டி தொங்கவிட உதவும்.

பலகை வாங்கக் கடைக்குப் போனால் எதைக் காட்டினாலும் “வாட்டர் ப்ரூஃப்தான் சார்” என்பார்கள். எம்.ஆர். என்று முத்திரை குத்திய பிளைவுட், காற்றில் இருக்கும் ஈரப்பதத்தைத் தாங்கும். சிங்க் அடியில் சொட்டும் தண்ணீரைத் தாங்காது. அதற்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. வேண்டும். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிற சரக்கு அது. விலை கூடுதல். இரண்டும் வேண்டாம், பார்ட்டிகிள் போர்டே போதும் என்று முடிவெடுத்தால் மிச்சமாகும் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். சிங்க் குழாய் முதல்முறை கசிந்ததும் அந்தப் பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஆகிவிடும். அப்போது உதவும்.

மேல் பெட்டிகளுக்கு ஓட்டை போட வேண்டும். டிரில்லைக் கையில் எடுக்கும்போது வருகிற கம்பீரம் வேறெதிலும் வராது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு வரைபடம் தேட வேண்டாம். இரண்டாவது ஓட்டையில் தெரிந்துவிடும். கீழ்வீட்டுக்காரரும் தெரிந்துகொள்வார். வயர் விஷயத்தில் மட்டும் இந்த முறை ஆகாது. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் பெரும்பாலும் வயர் ஓடும். அங்கே டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள்.

சிலிண்டர் விஷயத்திலும் நான் விளையாடப் போவதில்லை. 14.2 கிலோ கேஸும் இரும்புமாக முப்பது கிலோவை நெருங்கும் அதை அழகான கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். கதவின் கீழ்ப்பக்கம் காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியே ஒரு வெடி. படத்தில் கதவு வழவழப்பாக இருந்தாலும் உங்கள் கதவில் ஓட்டை வேண்டும். இப்போது பழையபடி தப்பான யோசனைகளுக்குப் போகலாம்.

சிம்னி அடுப்புக்கு மேலே 26 முதல் 30 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு ஏற்றி மாட்டுங்கள். தாளிக்கும் புகை பக்கவாட்டில் போய்ப் புதுக் கதவுகளில் படியட்டும். மேடை உயரத்தையும் உங்கள் இடுப்பை வைத்தே தீர்மானிக்கவும். அந்த மேடையில் தினமும் சப்பாத்தி தேய்க்கப் போவது நீங்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அளக்கும்போது அங்கே நின்றுகொண்டிருந்தது நீங்கள்தானே.

இதற்குள் ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தானாக மூடிக்கொள்வதை ரசித்துவிட்டு, “அரிவாள்மணையை எங்கடா வைக்கிறது?” என்பார். ஒயின் கிளாஸ் கம்பியைக் காட்ட வேண்டாம்.

கடைசிக் கட்டம், ஆசாரியைக் கூப்பிடுவது. இதை வெட்கமாக நினைக்கக் கூடாது. எல்லா நல்ல திட்டத்திலும் இது உண்டு. அவர் வந்ததும் சுவரைப் பார்க்க மாட்டார், உங்களையும் பார்க்க மாட்டார். உங்கள் மனைவியிடம், “அம்மா, கிரைண்டரு டேபிள் டாப்பா, பெருசா? வாரத்துக்கு எத்தன தடவ மாவு ஆட்டுவீங்க?” என்பார். அவர்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் பாதி பெட்டிகள் கீழே இறங்கியிருக்கும். அன்றைக்கு ஆபீஸ் போய்விடுவது உத்தமம். லீவு போட்டு வீட்டிலிருந்தே ஆக வேண்டுமென்றால், புதிதாக வாங்கிய ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கலாம். அவர் அதைக் கேட்க மாட்டார். அவரிடம் வேறு இருக்கிறது.