வாய்டு மெயின்

வா தம்பி, உட்கார். சி மொழி கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாய். கல்லூரியில் முதல் வருடமே கற்றுக்கொடுத்தார்களே, அது என்ன ஆயிற்று?

தெரியும், சொல்ல வேண்டாம். ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் நீல மையில் புரோகிராம், இடது பக்கம் பென்சிலில் அவுட்புட். கம்ப்யூட்டர் காட்ட வேண்டிய விடையைப் பென்சில் காட்டியது. எக்ஸ்டர்னல் தேர்வாளர் வந்தார், டிக் அடித்தார், டீ குடித்தார், போனார். அந்தப் புரோகிராம் ஓடியதா என்று நாலு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. 1987-இல் வந்த டர்போ சி-யின் நீலத் திரைமுன் உன்னை உட்காரவைத்து, முதல் வரியில் 'வாய்டு மெயின்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாய்.

அங்கேதான் வினை. 'மெயின்' என்பது புரோகிராம் ஓடத் தொடங்கும் பகுதி. டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மொழி இது. 1989-இல் வகுத்த தரநிலை 'இன்ட் மெயின்' என்கிறது. அதாவது, வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். 'வாய்டு' என்றால் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. நம் கல்லூரிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அறியாமையால் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அது அவர்களுடைய சுயசரிதையின் முதல் வரி.

அடுத்தது 'வைல்'. நிபந்தனை மாறாதவரை சுற்றிக்கொண்டே இரு என்று பொருள். உன் அண்ணன்மார் இதை மைசூர்ப் பயிற்சிக்குப் போகும் முன்பே கற்றார்கள். 2022-இல் இன்ஃபோசிஸ் வேலைக் கடிதம் கொடுத்தது. வீட்டில் இனிப்பு வாங்கினார்கள், தெருவில் சொன்னார்கள். சேரும் தேதி மட்டும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் சுற்றினார்கள். இடையில், 2023-இல், நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாட்டுக்குப் புத்தி சொன்னார். 70-ஐ 104 வாரத்தால் பெருக்கு: 7,280 மணி நேரம். தலைக்கு அத்தனை மணி நேர உழைப்பைத் தேசத்துக்குத் தராமல் இவர்களைத் திண்ணையில் உட்காரவைத்தது யார் தம்பி? சோம்பேறித்தனமா?

ஒருவழியாக 2024-இன் பிற்பகுதியில் அழைப்பு வந்தது. காவேரி எக்ஸ்பிரஸ் மைசூரில் இறக்கிவிட்டது. 300 ஏக்கரைத் தாண்டிய இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம், ரோமாபுரி பாணித் தூண்கள், உருண்டைக் கட்டடத்தில் சினிமா தியேட்டர். பிறகு தேர்வு. பிறகு 'பிரேக்': சுற்றை உடைத்து வெளியேறு என்று பொருள். 2025 பிப்ரவரி 7 அன்று முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். எழுநூறு என்றது நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு. பவுன்சர்களை நிறுத்தி மிரட்டினார்கள் என்றும் குற்றம் சாட்டியது. மூன்று வாய்ப்பு கொடுத்தோம், தேறவில்லை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேலான வழக்கம் என்றது நிறுவனம். மத்தியப் பிரதேசத்துப் பெண் ஒருத்தி இன்று இரவு மட்டும் தங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சியதாகவும், மாலை 6 மணிக்குள் காலி செய் என்று பதில் வந்ததாகவும் செய்தி.

தேர்வில் தோற்றவர்களை அனுப்பினார்கள். சரி. 2022-இல் இவர்களை நேர்காணல் செய்து 'தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டவருக்கு எத்தனை வாய்ப்பு கொடுத்தார்கள்? அவர் எத்தனை மணிக்குக் காலி செய்தார்?

கோபத்தை விடு, கணக்குக்கு வா. 'இன்ட்' முழு எண் போடும் பெட்டி. உன் டர்போ சி-யில் அதன் கொள்ளளவு 32,767. புதிதாகச் சேரும் சிஸ்டம் எஞ்சினியருக்கு வருடம் 3.6 லட்சம், மாதம் 30,000. அழகாக அடங்குகிறது. பத்து சதவீதம் உயர்த்திப் பார்: 33,000. பெட்டி வழிந்துவிடும், திரையில் மைனஸ் 32,536 என்று காட்டும். இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் ஏன் வருடக்கணக்காக அப்படியே கிடக்கிறது என்று இப்போது விளங்கியதா? எல்லாம் உன் கல்லூரிக் கம்பைலர்மீது வைத்த மரியாதை.

இன்றைய கணினிகளில் பெட்டி பெரிது, 214 கோடிச் சொச்சம் கொள்ளும். அதுவும் போதாத இடம் உண்டு. 2024 மார்ச்சில் நாராயணமூர்த்தி தன் நான்கு மாதப் பேரனுக்கு 15 லட்சம் பங்குகளைக் கொடுத்தார். அன்றைய மதிப்பு 240 கோடிக்கு மேல். தாத்தா பேரனுக்குக் கொடுப்பதை நான் கேட்கமாட்டேன். வகுத்தலை மட்டும் போடு. 240 கோடியை 3.6 லட்சத்தால் வகுத்தால் 6,666 வருடச் சம்பளம். மிச்சம் எட்டு மாதம் இருக்கிறதே என்கிறாயா? இன்ட் வகுத்தலில் தசமம் உதிர்ந்துவிடும் தம்பி. உதிர்வது எப்போதும் சின்னதுதான்.

கடைசியாக 'இஃப்–எல்ஸ்': நிபந்தனை பொருந்தினால் ஒன்று, இல்லையென்றால் வேறு. 2024 டிசம்பர் 31 அன்று அந்த மைசூர் வளாகத்துக்குள் ஒரு சிறுத்தை புகுந்தது. வேலைக் கடிதம் இல்லை, தேர்வு எழுதவில்லை. மாலை 6 மணிக்குள் காலி செய் என்று அதனிடம் யாராவது சொன்னார்களா? வனத்துறை வந்தது, தேடியது. ஊழியர்கள்தான் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஏனென்றால் சிறுத்தைக்குச் சட்டம் இருக்கிறது: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. சி மொழிக்கும் அதே வயது. பயிற்சியில் இருப்பவர்களுக்கு? இவர்கள் நிரந்தர ஊழியர்களே அல்லர், ஆகவே இது ஆட்குறைப்பே அல்ல என்று கர்நாடகத் தொழிலாளர் துறை வட்டாரம் சொல்லிவிட்டது. பணி நிபந்தனைகளை முறைப்படுத்தும் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு அந்த மாநிலம் கொடுத்துவந்த விலக்கை 2024-இல் இன்னும் ஐந்து வருடம் நீட்டித்தது. நாலு கால் இருந்தால் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை ஒன்று. இரண்டு கால் இருந்தால், எல்ஸ்.

நோட்டைத் திற. 'வாய்டு'வை அடித்துவிட்டு 'இன்ட் மெயின்' என்று எழுது. பிறகு உன் கல்லூரியிடம், உன் அண்ணன்மாரைத் தேர்ந்தெடுத்தவரிடம், தொழிலாளர் துறையிடம் ஒவ்வொருவராகப் போய், உங்கள் மெயின் எதைத் திருப்பிக் கொடுத்தது என்று கேள். எல்லாரும் ஒரே குரலில் பூஜ்யம் என்பார்கள். ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஏமாந்துபோகாதே. சி-யில் பூஜ்யம் என்றால், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.