வைஃபைப் பிரகஸ்பதி

ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒருவர், மாடு வாங்கப் போகையில் சுழி பார்த்துச் சொல்ல ஒருவர், கிணற்றுக்கு ஊற்றுக் கண் காட்ட ஒருவர் என்று தெருவுக்குத் தெரு நிபுணர்கள் விளங்கிய காலம் போய், அந்த மூவருடைய சிரத்தையையும் ஒரே தேகத்தில் தாங்கியவராக வைஃபைப் பிரகஸ்பதி என்னும் நூதனப் பிறவி இப்போது எங்கும் அவதரித்திருக்கிறார். கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சட்டைப் பையில் அளவு நாடாவும் கையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாகச் சஞ்சரிப்பவர்.

எங்கள் வீடுகளும் அவருக்கென்றே கட்டப்பட்டவை போலத்தான் இருக்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் வண்டி மாதிரி நீண்டு, ஒன்றரை அடிச் சுவர்களால் தடுக்கப்பட்டிருக்கும் வீட்டில், ரேழியில் மாட்டிய ஒற்றைப் பெட்டியின் அலை கூடத்து இரும்பு பீரோவில் முட்டிக்கொண்டு, அடுக்களையை எட்டுவதற்குள் பிராணனை விட்டுவிடுகிறது. "ரௌட்டர் வாசற்காவல்காரன் ஸார். உள்ளே பந்தி பரிமாற ஆக்ஸஸ் பாயிண்ட் என்று தனி ஆள் வேண்டும்" என்பது பிரகஸ்பதியின் முதல் உபதேசம்.

சரி, வாங்கிவிடலாம் என்று சொன்னோமோ, கெட்டோம்!

"பெட்டியின் மேல் 1200 என்று போட்டிருக்கிறானே, அது என்ன கணக்கு? 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, பாக்கி 33-ஐத் தர்மத்துக்குச் சேர்த்துவிட்டான். இரண்டு வண்டியிலும் கால் வைத்துக்கொண்டு போகிற போன் எத்தனை உண்டு, சொல்லும்!" என்பார். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்று கண்டறிந்த நாள்முதல், ஆற்றுப் பாசனத்தில் முறை வைப்பதுபோல் வீட்டுக்கு ஒரு சானலாகத் தெரு முழுவதற்கும் பங்கீடு செய்ய அவர் எடுத்த பிரயத்தனம், எதிர்வீட்டு மாமி தமக்குப் 11 வேண்டாம், 1-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் நின்றுபோயிற்று.

மெஷ் என்ற சொல்லை மட்டும் அவர் காதில் போட்டுவிடக் கூடாது. கம்பித் தொடர்பில்லாமல் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே அடுத்தவனுக்குத் தள்ளுகிற பெட்டி, வாங்கும்போது கொடுக்க முடியாமல், கொடுக்கும்போது வாங்க முடியாமல், தாவலுக்குத் தாவல் வேகத்தைப் பாதியாக்கிவிடும் என்று அரைமணி நேரம் பிரசங்கிப்பார். ஆகவே பெட்டிக்குப் பெட்டி கேட்-6 கம்பி இழுக்க வேண்டுமாம். அந்தக் கம்பியே 100 மீட்டர் வரையில் மின்சாரத்தையும் சுமந்து போகுமாம். கம்பியில்லாச் சௌகரியத்துக்காக வீடெங்கும் கம்பி இழுப்பதில் உள்ள வேடிக்கை அவருக்குப் புலப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அவர் சொல்வது அத்தனையும் வாஸ்தவம்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது காப்பி சாப்பிட மட்டுமே. வந்தவர் அளவு நாடாவை உருவி, வீட்டின் மத்திய ஸ்தானத்தில் பெட்டியை உச்சியிலிருந்து தொங்கவிடுவதே உத்தமம் என்று நிர்ணயித்து, அந்த இடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். முற்றம், மேலே ஆகாசம். வீட்டைக் கட்டிய என் பாட்டனாரை மனத்துக்குள் மன்னித்துவிட்டு, தாழ்வாரத்துச் சுவரிலும் கூடத்திலும் அடுக்களை வாசலிலுமாக மூன்று துளைகள் போடுவித்தார்.

பெட்டி இன்னும் வரவில்லை. வைஃபை 6 போதும் என்று அவர் முடிவுக்கு வந்தபோது 7 கடைக்கு வந்துவிட்டது. 7-க்கு மனம் இசைந்தபோது 8 கர்ப்பத்தில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. அவருடைய இல்லத்திலும் இதே கதிதான்; சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால், அவர் மனைவியார் அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தாக வேண்டும்.

தாழ்வாரத்துத் துளையில் சென்ற மாதம் குளவி கூடு கட்டியது. பிரகஸ்பதியை அழைத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாடாவால் இருபுறமும் அளந்தார்.

"இடம் சரியாகத்தான் பார்த்திருக்கிறது" என்றார்.