ஹெலிகாப்டர் திருப்பம்: பனியன் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டரை மேலே கிளப்புவது எளிது. கீழே விழவைப்பது அதனினும் எளிது. இரண்டுக்கும் நடுவே, தூரப் போனதை வளைத்துத் திருப்பி நம்மிடமே வரவழைக்கும் வித்தை ஒன்று உண்டு. அறிஞர்கள் இதை ஏனோ கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி ஆகியவற்றுக்கு இடைப்பட்ட திருப்பூர். ஆய்வுக்காலம்: ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். மற்ற நாள்களில் தகவலாளிகள் ஒன்றரை ஷிப்டில் இருப்பார்கள்.

2. சிக்கலின் இயல்பு

திருப்பம் என்பது ஒரு வேலையன்று, நான்கு. ஹெலிகாப்டரைத் திரும்பும் பக்கம் சாய்க்க வேண்டும். வால்விசிறியை இயக்கி வாலை வளைவுக்கு இசைய வைக்க வேண்டும். மூக்கு தாழாதபடி குச்சியைச் சற்றே பின்னுக்கு இழுக்க வேண்டும். சாய்வில் குறைந்த தூக்குவிசையை ஈடுகட்ட மேல் இறக்கைகளின் கோணத்தைக் கூட்ட வேண்டும். உயரம் குறையாமல் திரும்ப, 30 பாகைச் சாய்வுக்குத் தூக்குவிசை ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக வேண்டும். 60 பாகைக்கு இரு மடங்கு. இந்த நான்கையும் பார்க்க இருப்பவை இரண்டே கட்டைவிரல்கள். கணக்குத் தெரிந்தவரும் விழவிடுகிறார், தெரியாதவரும் விழவிடுகிறார் என்பதால் கணிதத்தை இத்துடன் விடுவோம்.

உண்மையான இடர் பாதித் திருப்பத்தில் இருக்கிறது. வால் நம் பக்கம் இருக்கும்வரை அதன் வலம் நமக்கும் வலம். மூக்கு நம்மை நோக்கித் திரும்பியதும் அதன் வலம் நமக்கு இடம். மூளை இதை ஒப்புக்கொள்வதற்குள் வண்டி சோளக்காட்டில் இறங்கியிருக்கும்.

3. இரு நெறிகள்

முதல் நெறியினர் 'தோள்திருப்பிகள்'. ஹெலிகாப்டரின் மூக்கு எத்திசையோ அத்திசைக்கே உடம்பையும் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலாக அதை எட்டிப் பார்ப்பவர்கள். வலம் வலமாகவே இருக்கும். கழுத்துதான் இருந்த இடத்தில் இராது. இரண்டாம் நெறியினர் 'முட்டுக்கொடுப்போர்'. மூக்கு நம்மைப் பார்க்கையில் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, விழப்போவதற்கு முட்டுக்கொடு என்பது அவர்கள் சூத்திரம். இரு சாராரும் வடகலை தென்கலை போல் ஒருவர் மைதானத்தில் மற்றவர் பறக்கவிடுவதில்லை.

4. முன்னோடிகள்

வண்டியை உடைக்காமல் திருப்பம் பழக, கம்ப்யூட்டர் திரையில் பறக்கவிடும் சிமுலேட்டர் உண்டு. அதற்கும் முன்னோடி உண்டு. 1929-இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க், தந்தையின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு தரையை விட்டு எழாத விமானம் ஒன்றைச் செய்தார். தொடக்கத்தில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934-இல், தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பிறகே ராணுவம் வாங்கியது. பயிற்சியின் அருமை, பொருள் உடைந்த பின்பே தெரியும் என்பதற்கு இது முதற்சான்று.

1939 செப்டம்பர் 14 அன்று இகோர் சிகோர்ஸ்கி தம் வி.எஸ்.-300 ஹெலிகாப்டரை முதன்முதலாகக் கிளப்பியபோது அது கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. திருப்பம் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

தமிழகத்தில் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடும் கலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் நடிகர் அஜித்குமார். 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' ஆளில்லா விமானக் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஹெலிகாப்டர் வாங்க வீட்டில் அனுமதி கேட்போருக்கு இதனால் வலுவான வாதம் கிடைத்தது. ஆனால் திருப்பம் யாருக்கும் தானாக வந்துவிடவில்லை.

5. உள்ளூர்ச் சான்று

தையல் பழக வருபவருக்கு முதலில் துணி கொடுப்பதில்லை. ஊசியில் நூல் கோக்காமல், தாளில் வரைந்த கோடு, மூலை, வட்டம் ஆகியவற்றின்மேல் மிஷினை ஓட்டச் சொல்வது பயிற்சிக்கூட வழக்கம். கம்ப்யூட்டர் இல்லாத சிமுலேட்டர் இதுவே. சிமுலேட்டரில் ஹெலிகாப்டர் விழுந்தால் ஒரு பொத்தானில் எழுந்து நிற்கும். இங்கே இன்னொரு தாள்.

களப்பணியின்போது, கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் இளைஞர் கேட்ட ஐயம் பதிவாகியுள்ளது.

"ஏனுங்ண்ணா, மூக்கு நம்மளப் பாத்து வந்தா கைய எந்தப் பக்கமுங்க தள்றது?"

"ரோசன பண்ணீட்டிருந்தா எந்தப் பக்கம் தள்ளுனாலும் உளுந்துருமுங் தம்பி."

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுதான். சிமுலேட்டர் அறிவைச் சேர்ப்பதில்லை. விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே நின்று வழிமறிக்கும் யோசனையை அப்புறப்படுத்துகிறது. அதனால்தான் புத்தகம் படித்தவரைவிட, வாரக்கணக்கில் திரையில் நொறுக்கியவர் நன்றாகத் திருப்புகிறார்.

6. வரம்புகள்

சிமுலேட்டரிலும் காற்று உண்டு. வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் வரும் காற்றுக்கு அப்படி ஏற்பாடு இல்லை. காற்றாலைகளுக்கு அது வரம். அம்மியே பறக்கும் ஆடியில், ஒன்றரைக் கிலோ ஹெலிகாப்டர் பறந்தால் அதை யாருடைய திறமை என்று சொல்வது?

இன்னொரு வரம்பும் உண்டு. திரையில் அஞ்சாமல் வளைத்தவரின் விரல் மைதானத்தில் நடுங்குகிறது. கற்ற விரல் அதேதான். புதிதாக வந்து சேர்ந்தது விலை.

7. பரிந்துரை

சிமுலேட்டர் செய்வோர் ஒரு திருத்தம் செய்தல் நலம். ஒவ்வொரு விழுகைக்கும், உதிரிபாகம் கூரியரில் வந்து சேரும்வரை திரை திறக்கக் கூடாது; சனிக்கிழமைச் சம்பளத்தில் அதற்குரிய தொகை தானாகப் பிடிக்கப்பட வேண்டும். இத்திருத்தம் வந்தால் திருப்பம் விரைவில் கைவரும் என்பது ஆய்வாளர் துணிபு. சிமுலேட்டரை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.