தட்டிவிட்ட பந்தும் விட்டுவிட்ட பந்தும்

டிஃபெண்டர் வேலை கிட்டத்தட்ட வாட்ச்மேன் வேலைதான். வருகிறவனை எல்லாம் முறைக்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால்தான் மூச்சு விடலாம். குரோஷியாவின் இகோர் ஸ்டிமாக் இதில் எமகாதகர். 1987-ல் சிலியில் யுகோஸ்லாவியா இளையோர் உலகக்கோப்பையைத் தூக்கியபோது அணியில் இருந்தார். 1998-ல் புத்தம்புது நாடான குரோஷியா, முதல் உலகக்கோப்பையிலேயே மூன்றாமிடம் பிடித்தபோதும் இருந்தார்.

நடுவில் இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி. 1995-ல் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே டிரான்மியரிடம் 5-1 என்று உதை. அந்த ஒரு கோலை அடித்தவரும் இவரே! காவலுக்கு வந்தவர் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு சொம்பைத் தூக்கிவந்த கதை. அதற்கப்புறம் 20 ஆட்டங்களுக்குத் தோல்வியே இல்லை. டெர்பி பிரீமியர் லீக்குக்கே ஏறிவிட்டது.

பிறகு கோச் அவதாரம். 2012-ல் சொந்த நாட்டு அணி கிடைத்தது. மறுவருடம் ஸ்காட்லாந்தில் தோற்றதும் கதை முடிந்தது. 2019-ல் இந்தியா வந்தார். வந்த சூட்டோடு தோஹாவில் ஆசிய சாம்பியன் கத்தாரை 0-0 என்று மறித்து நிறுத்தினார். தோற்காததற்கே வெடி வெடிக்கும் பரம்பரை நாம். தலையில் தூக்கிவைத்து ஆடினோம்.

2023, பெங்களூரு, தெற்காசியக் கோப்பை. பாகிஸ்தானுக்கு எதிராக 2-0 என்று சௌகரியமாக இருக்கிறோம். அவர்கள் ஆள் த்ரோ போடக் கையை ஓங்க, பின்னாலிருந்து கோச் பந்தைத் தட்டிவிட்டார். வாட்ச்மேன் புத்தி! சிவப்பு அட்டை. ஓர் ஆட்டம் வெளியே உட்கார்ந்துவிட்டு வந்தவர், குவைத் ஆட்டத்தில் இன்னொன்று வாங்கினார். அரையிறுதிக்கும் இறுதிக்கும் தடை. அவர் இல்லாமலே கோப்பை வந்து சேர்ந்தது.

அணித் தேர்வுக்கு ஜோசியரிடம் யோசனை கேட்டார் என்று அதே வருடம் பத்திரிகைகள் எழுதின. இதில் என்ன அதிர்ச்சி? நாலு வருடத்தில் மனிதர் முழுசாக நம்மாள் ஆகிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் கிரகங்களுக்கு ஃபுட்பால் பிடிக்கவில்லை. 2024 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானும் அடித்துவிட்டுப் போனது.

அந்த ஜூனில் மறுபடி தோஹா, மறுபடி கத்தார். இந்தியா 1-0 முன்னிலை. பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கத்தார்க்காரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுக்க, இன்னொருவர் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். கடைசியில் 2-1 தோல்வி; ஆறே நாளில் வேலை போயிற்று.

வாழ்நாளில் ஒரு பந்தைக் கையால் தட்டிவிட நியாயம் இருந்ததென்றால் அது அந்தப் பந்துதான். அன்றைக்குப் பார்த்து அண்ணாத்தை கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக இருந்துவிட்டார்.